மருந்துத் துண்டில் எழுதாத மருந்து: அகதி வைத்தியர் மைக்கல் பாலின்ட்டின் கதை

புலம்பெயர்ந்த நாட்டில் எங்கள் குடும்பங்களுக்கு நெருக்கமான முதல் அந்நியர் பெரும்பாலும் குடும்ப வைத்தியர்தான். வழக்கறிஞரிடம் அகதி வழக்கு முடியும்வரை போகிறோம். ஆசிரியரிடம் பிள்ளையின் பள்ளிக்கூடம் முடியும்வரை போகிறோம். வைத்தியரிடம் மட்டும் வந்த நாளிலிருந்து போய்க்கொண்டே இருக்கிறோம். தலையிடி, நாரி நோ, நெஞ்செரிவு, நித்திரை இல்லை என்று பத்து நிமிடத்துக்குள் சொல்லிவிட்டு மருந்துத் துண்டோடு வெளியே வருகிறோம். சொல்ல நினைத்துப் போனது அதுதானா என்று கேட்டால் எங்களில் பலருக்குப் பதில் வராது.

அந்தச் சில நிமிடங்களில் வைத்தியருக்கும் நோயாளிக்கும் இடையே என்ன நடக்கிறது என்பதையே ஆய்வுப் பொருளாக எடுத்து, இருபது ஆண்டுகள் அதில் நின்றவர் மைக்கல் பாலின்ட். ஹங்கேரியில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 42 வயதில் மனைவியோடும் மகனோடும் இங்கிலாந்துக்கு வந்து சேர்ந்தவர். மருத்துவம் படிக்கும் எங்கள் பிள்ளைகளுக்குப் பாலின்ட் குழு என்ற சொல் தெரிந்திருக்கும். அந்தப் பெயருக்குப் பின்னால் நாடு இழந்த ஒரு மனிதர் இருக்கிறார் என்பது அவர்களுக்கும் தெரியாமல் இருக்கலாம். அகதிகளாகிய நாங்கள் அறிந்திருக்க வேண்டிய வாழ்க்கை அது.

பொது வைத்தியரின் மகன்

1896 டிசம்பர் 3ஆம் திகதி புடாபெஸ்ட் நகரில் பிறந்தார். பிறந்தபோது வைத்த பெயர் மிஹாய் மோரிஸ் பெர்க்ஸ்மான். தந்தை அந்த நகரில் ஒரு பொது வைத்தியர். பிற்காலத்தில் மகன் யாருடைய வேலையை ஆராய்ந்தாரோ, அந்த வேலை அவருக்குச் சொந்த வீட்டிலேயே பழக்கமானது.

அக்கால ஹங்கேரியில் பல யூதக் குடும்பங்கள் ஜேர்மன் ஓசையுள்ள பெயர்களை விட்டு ஹங்கேரியப் பெயர்களுக்கு மாறின. மகனும் தந்தையின் விருப்பத்துக்கு மாறாகப் பெயரை பாலின்ட் என்று மாற்றிக்கொண்டார். யூத மதத்தை விட்டு யூனிடேரியன் கிறிஸ்தவத்துக்கும் மாறினார். தமிழ்ப் பெயரை இந்நாட்டவர் வாய்க்கு ஏற்றபடி குறுக்கிக்கொண்ட பிள்ளைகளோடு வாதாடிய தகப்பன்மாருக்கு அந்த வீட்டின் மனத்தாங்கல் விளங்கும். பெயரையும் மதத்தையும் மாற்றியது அவரைக் காப்பாற்றவில்லை. இரத்தத்தைப் பார்த்துச் சட்டம் எழுதியவர்களுக்கு அவர் கடைசிவரை யூதர்தான்.

மருத்துவ மாணவராக இருந்தபோது முதலாம் உலகப் போர் வந்தது. ரஷ்ய முனையிலும், பின்னர் இத்தாலிய எல்லையின் டொலமைட் மலைகளிலும் படையில் இருந்தார். திரும்பி வந்து படிப்பை முடித்தார். அந்தக் காலத்தில்தான் ஆலிஸ் அவருடைய வாழ்க்கைக்குள் வந்தார். ஆலிஸுக்கு மானுடவியலில் நாட்டம். அவருடைய தாய் வில்மா கோவாச் ஹங்கேரியின் முன்னணி உளப்பகுப்பாளர்களில் ஒருவராக விளங்கியவர். பிராய்டின் நூலொன்றை ஆலிஸ் சொல்லித்தான் பாலின்ட் வாசித்தார். உடலின் இரசாயனத்தில் ஆர்வமாக இருந்த இளைஞரின் பாதை அங்கே திரும்பியது.

புடாபெஸ்டில் அப்போது உளப்பகுப்பாய்வின் பெரிய பெயர் சாண்டோர் ஃபெரென்சி. பிராய்டின் நெருங்கிய சகா. 1919இல் பல்கலைக்கழகமொன்றில் உளப்பகுப்பாய்வுக்கு உலகிலேயே முதலாவது பேராசிரியராக நியமிக்கப்பட்டவர். அவருடைய விரிவுரைகளைப் பாலின்ட் போய்க் கேட்டார். அதே ஆண்டில் ஆட்சி மாறியதும் ஃபெரென்சியின் பதவி பறிபோனது. 1920இல் பல்கலைக்கழகங்களில் யூத மாணவரின் தொகையைக் கட்டுப்படுத்தும் சட்டமும் வந்தது. தரப்படுத்தலின் கதையைக் கேட்டு வளர்ந்த எங்களுக்கு அந்தச் சட்டத்தின் பொருளை யாரும் விளக்கத் தேவையில்லை.

இளம் தம்பதியர் பெர்லினுக்குப் போனார்கள். ஆலிஸ் அங்கே இனவியல் நூதனசாலையில் வேலை செய்தார். பாலின்ட், பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ஒட்டோ வார்பேர்க்கின் உயிர்இரசாயன ஆய்வுகூடத்தில் வேலை செய்து கலாநிதிப் பட்டம் பெற்றார். இருவரும் அங்கேயே உளப்பகுப்பாய்வுப் பயிற்சியும் பெற்றனர். 1924இல் புடாபெஸ்டுக்குத் திரும்பி ஃபெரென்சியிடம் பயிற்சியைத் தொடர்ந்தார்கள். ஆய்வுகூடத்தில் அளந்து பார்க்கும் பழக்கமும், மனிதரின் பேச்சைக் கேட்கும் பழக்கமும் ஒரே ஆளிடம் சேர்ந்தது இப்படித்தான்.

குறிப்பெடுத்த பொலிஸ்காரர்

1931இல் புடாபெஸ்டில் வசதியற்றவர்களுக்கும் உளச் சிகிச்சை தரும் ஒரு சிகிச்சை நிலையம் தொடங்கியது. ஃபெரென்சி தலைவர், பாலின்ட் அவருக்கு அடுத்தவர். 1933இல் ஃபெரென்சி இறந்த பின்னர் பொறுப்பு முழுவதும் பாலின்ட்டிடம் வந்தது.

பொது வைத்தியரிடம் வருபவர்களில் பலருடைய நோ உடம்பில் மட்டும் இல்லை என்பதையும், அதைக் கையாள அந்த வைத்தியர்களுக்கு எவரும் கற்றுக்கொடுக்கவில்லை என்பதையும் பாலின்ட் அப்போதே கண்டுகொண்டார். அவர்களில் சிலரைச் சேர்த்து ஒரு கருத்தரங்கு நடத்தினார். வைத்தியர்கள் தங்கள் நோயாளரைப் பற்றி மனம்விட்டுப் பேச வேண்டும் என்பதுதான் திட்டம்.

ஆனால் அது கூட்டங்களைச் சந்தேகத்தோடு பார்த்த அரசு. ஒவ்வொரு கூட்டத்துக்கும் சாதாரண உடையில் ஒரு பொலிஸ்காரர் வந்து இருந்தார். பேசப்பட்டதை எல்லாம் எழுதினார். பொலிஸ்காரர் எழுதிக்கொண்டிருக்கும்போது எந்த வைத்தியர் தன் நோயாளியின் வீட்டு இரகசியத்தைச் சொல்வார்? எந்த வைத்தியர் தனக்கு இந்த நோயாளியைக் கண்டால் எரிச்சல் வருகிறது என்று ஒப்புக்கொள்வார்? சிறிது காலத்தில் குழு கலைந்தது.

கூட்டத்தின் பின்வரிசையில் அறிமுகமில்லாத ஒருவர் வந்து குந்தினால் பேச்சு எப்படி மாறும் என்பது எங்கள் ஊர்களில் வாழ்ந்தவர்களுக்குத் தெரியும். பேச்சுக்கு முதல் தேவை, சொன்னது வெளியே போகாது என்ற நம்பிக்கை. பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் கழித்து லண்டனில் பாலின்ட் அதே முயற்சியை மறுபடி தொடங்கியபோது அது நிலைத்ததற்கு, அங்கே அந்த நாற்காலியில் பொலிஸ்காரர் இல்லாததும் ஒரு காரணம்.

1939

1938 மார்ச்சில் ஹிட்லரின் படை ஒஸ்திரியாவுக்குள் புகுந்தது. அதே ஆண்டில் ஹங்கேரியும் யூதர்களைத் தொழில்களிலிருந்து ஒதுக்கும் தனது முதலாவது சட்டத்தைக் கொண்டுவந்தது. ஜோன் ரிக்மன் என்ற ஆங்கிலேய உளப்பகுப்பாளர் உதவ, 1939இன் தொடக்கத்தில் பாலின்ட் குடும்பம் இங்கிலாந்தின் மன்செஸ்டருக்கு வந்தது.

புறப்படும்போது ஃபெரென்சியின் மனைவி தன் கணவரின் நாட்குறிப்பையும் பிராய்டின் கடிதங்களையும் பாலின்ட்டிடம் ஒப்படைத்திருந்தார். சொந்த உடைமைகளையே விட்டுவிட்டு வரவேண்டிய நேரத்தில் ஆசிரியரின் தாள்களைக் கொண்டுவந்து பேணினார். அந்த நாட்குறிப்பு அச்சில் வந்தது 1985இல், பாலின்ட் இறந்து பதினைந்து ஆண்டுகளின் பின். ஒரு நூலகம் எரிந்ததைக் கண்ட எங்கள் சனத்துக்கு, ஒரு பெட்டித் தாள்களைக் காப்பாற்றுவது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரியும்.

மன்செஸ்டரில் நிலை கொள்வதற்குள் முதல் அடி விழுந்தது. 1939 ஓகஸ்ட் இறுதியில், போர் தொடங்கச் சில நாட்கள் இருக்கையில், ஆலிஸ் திடீரென இறந்தார். இரத்தக்குழாய் வெடித்ததாம். வயது 41. அந்த ஆண்டில்தான் இருவரும் சேர்ந்து எழுதிய கட்டுரை ஒன்று வெளியாகியிருந்தது. சிகிச்சை செய்பவரின் உணர்வுகளும் சிகிச்சைக்குள் நுழைகின்றன என்பது அதன் பொருள். பிற்காலத்தில் பாலின்ட் செய்த பெரிய வேலைக்கு அடிக்கல் அதில் இருக்கிறது. அதில் ஆலிஸுக்குப் பாதிப் பங்கு உண்டு.

அந்நிய ஊர், அந்நிய மொழி, தாயில்லாத மகன், வெளியே போர். பாலின்ட் சிறுவர் வழிகாட்டல் நிலையத்தில் வேலை செய்தார். கைக்குழந்தைகள் பால் குடிக்கும் தாளத்தைப் பதிந்து, குழந்தைக்குக் குழந்தை அது எப்படி வேறுபடுகிறது என்று ஆராய்ந்தார். உளவியலில் முதுமாணிப் பட்டமும் பெற்றார்.

1945இல் இரண்டாவது அடி. ஹங்கேரியில் இருந்த பெற்றோர், நாசிகள் தங்களைக் கைதுசெய்யப்போகிறார்கள் என்ற நிலையில், தங்கள் உயிரைத் தாங்களே முடித்துக்கொண்டார்கள் என்ற செய்தி வந்தது. மகனின் பெயர் மாற்றத்தை விரும்பாத அந்த வைத்தியத் தகப்பனின் முடிவு அது.

பாலின்ட்டின் முக்கிய நூல்கள் எவையும் இந்த இழப்புகளைப் பற்றியவை அல்ல. ஆகவே அவர் மனதில் என்ன இருந்தது என்று நாங்கள் ஊகிக்கப் போவதில்லை. செய்ததை மட்டும் சொல்லலாம். அந்த ஆண்டிலேயே லண்டனுக்குப் போனார். அங்கே ஐந்து ஆண்டுகளுக்குள், தகப்பன் செய்த அதே வேலையைச் செய்யும் வைத்தியர்களைத் தன்னைச் சுற்றி இருத்தினார்.

லண்டனில் ஒரு வட்டம்

1948 ஜூலை 5ஆம் திகதி பிரித்தானியாவின் தேசிய சுகாதார சேவை தொடங்கியது. வைத்தியரைப் பார்க்கக் காசு கொடுக்கத் தேவையில்லை. அதுவரை வருத்தத்தை அடக்கிக்கொண்டு வீட்டில் இருந்தவர்கள் எல்லாம் வந்தார்கள். காத்திருக்கும் அறைகள் நிரம்பின. வைத்தியர்களோ ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கும் நோயாளியைப் பார்க்கப் பழக்கப்பட்டவர்கள். பெயர் வைக்க முடியாத நோவோடு திரும்பத் திரும்ப வருபவரை என்ன செய்வது என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

பாலின்ட் அப்போது டவிஸ்டொக் நிலையத்தில் இருந்தார். அங்கே எனிட் என்ற பெண்மணி, திருமண வாழ்க்கையில் சிக்கல் உள்ளவர்களோடு வேலைசெய்யும் சமூகப் பணியாளர் குழு ஒன்றை நடத்திக்கொண்டிருந்தார். பணியாளர்கள் வட்டமாக இருந்து தங்கள் அனுபவங்களைப் பேசி, அதிலிருந்து கற்பது அவர்களின் முறை. பாலின்ட் அதில் சேர்ந்து வழிநடத்தினார். பின்னர் எனிட்டும் பாலின்ட்டும் மணம் செய்துகொண்டார்கள். பாலின்ட் குழு என்று உலகம் சொல்வது இருவரும் சேர்ந்து உருவாக்கியது.

1950இல் பொது வைத்தியர்களுக்கான முதலாவது குழு தொடங்கியது. வாரம் ஒருமுறை கூடினார்கள். ஒருவர் தன் நோயாளி ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். குறிப்புப் புத்தகம், கோப்பு எதுவும் கையில் இருக்கக்கூடாது. நினைவில் இருப்பதை மட்டுமே சொல்ல வேண்டும். எதை மறந்தார், எதைச் சொல்லும்போது குரல் மாறியது, யாரைப் பற்றிச் சொல்லும்போது சலித்துக்கொண்டார் என்பவை எல்லாம் ஆய்வுக்கான தரவுகள். ஒரு நோயாளி வைத்தியருக்குள் எழுப்பும் எரிச்சல், பயம், இரக்கம், சோர்வு எல்லாம் அந்த நோயாளியின் நோயைப் பற்றியும் ஏதோ சொல்கின்றன என்பது பாலின்ட்டின் வாதம். அங்கே யாரும் விரிவுரை நடத்தவில்லை. சில மாதம் கழித்து அதே நோயாளி பற்றி மீண்டும் பேச வேண்டும். எது பலித்தது, எது பிழைத்தது என்று பார்க்க வேண்டும்.

இப்படி 14 பொது வைத்தியர்கள் ஆண்டுக்கணக்கில் பேசியதிலிருந்து 1957இல் ஒரு நூல் வந்தது. வைத்தியர், அவருடைய நோயாளி, நோய் என்பது அதன் தலைப்பு. அந்த மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதே அதன் சாரம்.

நாலு கண்டுபிடிப்புகள்

முதலாவது, நோயாளி கொண்டுவருவது ஒரு முன்வைப்பு. மனதில் பாரம் உள்ளவர் அதைப் பாரம் என்று சொல்லி வருவதில்லை. ஒருநாள் வயிற்று நோ, அடுத்தமுறை தலைச்சுற்று, பிறகு நெஞ்சில் ஏதோ என்று ஒவ்வொன்றாக வைத்தியர் முன் வைக்கிறார். வைத்தியர் எதைக் கையில் எடுக்கிறாரோ, எதற்கு ஸ்கான் எழுதுகிறாரோ, அந்த நோயே நாளடைவில் அவருடைய நோயாக உறைந்துவிடுகிறது. உறைவதற்கு முந்திய காலம்தான் பொது வைத்தியரின் காலம். பெரிய ஆஸ்பத்திரிக்கு அது தெரியாது. சோதனைகளைச் செய்துவிட்டு உமக்கு ஒன்றும் இல்லை என்று அனுப்புவதைப் பாலின்ட் கடுமையாக எதிர்த்தார். நோவு இருக்கிறது என்று அறிந்தவரிடம் ஒன்றுமில்லை என்று சொல்வது அவரைத் தனியே விட்டுவிடுவதற்குச் சமம். கேள்வி மட்டும் கேட்டால் பதில் மட்டும்தான் கிடைக்கும், மற்றது காது கொடுத்தால்தான் வரும் என்பது அவர் வைத்தியர்களுக்குக் கற்பித்த பாடம்.

இரண்டாவது, பொது மருத்துவத்தில் மிகக் கூடுதலாகப் பாவிக்கப்படும் மருந்து வைத்தியரே. அவர் எப்படிக் கேட்கிறார், எப்படிப் பார்க்கிறார் என்பதே மருந்து. ஆனால் மற்ற மருந்துகளுக்கு எவ்வளவு, எத்தனை வேளை, என்ன பக்கவிளைவு என்று புத்தகம் இருக்கிறது. இந்த மருந்துக்கு அப்படி எந்தப் புத்தகமும் எழுதப்படவில்லை. அதனால் கூடிப்போயும் குறைந்துபோயும் தீங்கு விளைகிறது. ஒவ்வொரு வைத்தியரும் ஒரு நோயாளி எப்படி நடக்க வேண்டும் என்று தனக்குள் ஒரு வேதம் வைத்திருக்கிறார், அந்த வேதத்துக்கு நோயாளியை மதம் மாற்றப் பார்க்கிறார் என்றும் பாலின்ட் கண்டார். அதைக் கேட்ட வைத்தியர்களுக்கு அது இனிக்கவில்லை.

மூன்றாவது, எவருக்கும் சொந்தமில்லாத நோயாளி. பொது வைத்தியர் நிபுணரிடம் அனுப்புகிறார். அவர் இன்னொரு நிபுணரிடம் அனுப்புகிறார். இருதயம் ஒருவரிடம், இரைப்பை ஒருவரிடம், நரம்பு ஒருவரிடம். ஒவ்வொருவரும் தன் பகுதியில் பிழையில்லை என்று கடிதம் எழுதுகிறார்கள். முழு மனிதருக்கும் பொறுப்பானவர் யார் என்று கேட்டால் ஒருவரும் இல்லை. எவரும் திட்டமிடாமலே எல்லோரும் சேர்ந்து பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் இந்த நிலையைப் பெயரில்லாதவர்களின் கூட்டுச்சதி போன்றது என்று அவர் விளங்கப்படுத்தினார்.

நாலாவது, கணக்கெழுதிப் பிழைக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு மிகவும் பிடித்தது. ஒரே வைத்தியரும் ஒரே குடும்பமும் ஆண்டுக்கணக்கில் பழகும்போது இருவருக்கும் இடையில் ஒரு மூலதனம் சேர்கிறது என்றார் பாலின்ட். அதை இருவரும் சேர்ந்து முதலிட்ட ஒரு கம்பனிக்கு ஒப்பிட்டார். காய்ச்சலுக்கு வந்த நாள், பிள்ளைக்கு ஊசி போட்ட நாள், தாயின் மரணச் சான்றிதழில் கையெழுத்து வைத்த நாள், ஒன்றும் பேசாமல் இருந்து போன நாள் எல்லாம் வைப்பில் சேர்கின்றன. ஒருநாள் பெரிய காரியம் ஒன்றைச் சொல்ல வேண்டி வரும்போது அந்த வைப்பிலிருந்துதான் எடுக்கிறோம். கணக்கியலில் நன்மதிப்பு என்ற சொத்து உண்டு. கண்ணுக்குத் தெரியாது, கையால் தொட முடியாது. ஆனால் வியாபாரம் கைமாறும்போதுதான் அதற்கு எவ்வளவு பெறுமதி இருந்தது என்று தெரியவரும். குடும்ப வைத்தியரிடம் எங்களுக்கு உள்ளதும் அதுவே.

பிந்திய ஆண்டுகள்

பாலின்ட் ஒரே இடத்தில் நிற்கவில்லை. 1959இல் வந்த நூலில் மனிதரை இரண்டு விதமாகப் பார்த்தார். ஆபத்து வந்தால் பக்கத்தில் இருப்பதை இறுக்கிப் பிடிப்பவர்கள் ஒரு விதம். பிடியை விட்டு வெட்டவெளிக்கு ஓடினால்தான் மூச்சு வரும் என்பவர்கள் மற்ற விதம். 1968இல் வந்த நூலில், குழந்தையின் தேவைக்கும் அதற்குக் கிடைத்த பராமரிப்புக்கும் இடையில் பொருத்தமில்லாமல் போனால், பாறை அடுக்கில் இருக்கும் பிளவு போன்ற ஒன்று மனதின் அடியில் உருவாகிறது என்று எழுதினார். அதே 1968இல் பிரித்தானிய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தின் தலைவரானார். நாடு இழந்து வந்தவர், வந்த நாட்டில் தன் துறையின் தலைமைக் கதிரையில் இருந்தார்.

அவரும் சகாக்களும் செய்த இன்னொரு ஆய்வு 1970இல் நூலாக வந்தது. வைத்தியரைக் காணாமலே மாதாமாதம் அதே மருந்துக்கு மறுதுண்டு வாங்குபவர்களைப் பற்றியது. அந்தத் துண்டு பல இடங்களில் ஒரு சமாதான உடன்படிக்கை போல வேலை செய்கிறது என்று கண்டார்கள். தன்னை முழுதாகப் பார்க்க வேண்டும் என்று நோயாளி கேட்பதில்லை. பார்க்க நேரமில்லை என்று வைத்தியர் சொல்வதும் இல்லை. இருவருக்கும் நடுவில் குளிசை நிற்கிறது.

குறைகளும் உண்டு. ஆரம்பத்தில் ஒரு நோயாளியோடு ஒருமுறை ஒரு மணித்தியாலம் வரை இருந்து பேசும் நீண்ட சந்திப்பை அவர் வற்புறுத்தினார். நெருக்கடியான கிளினிக்கில் அது நடக்கிற காரியமா என்று கேட்டார்கள். கேள்வி நியாயமானது. கடைசிக் காலத்தில் அவரும் எனிட்டும் ஒரு குழுவோடு சேர்ந்து, சாதாரணமாகக் கிடைக்கும் ஆறு நிமிடத்துக்குள் என்ன செய்யலாம் என்று ஆராய்ந்தார்கள். அந்த நூல் 1973இல், அவர் இறந்த பின் வெளிவந்தது. அவருடைய ஆய்வுகளில் தொகையும் ஒப்பீட்டுக் குழுவும் இல்லை, சொன்னதைப் பொய்யென்று நிரூபிக்கவும் வழியில்லை என்ற விமர்சனமும் வந்தது. எண்களோடு வேலைசெய்யும் எங்களுக்கு அந்த விமர்சனத்தைத் தள்ளிவிட முடியாது. ஆனாலும் கணக்காய்வு செய்பவர் எல்லா வவுச்சரையும் பார்ப்பதில்லை. சிலதை எடுத்து ஆழமாகப் பார்த்தே நிறுவனத்தின் போக்கை விளங்கிக்கொள்கிறார். பாலின்ட் செய்ததும் அந்த விதமான வேலை.

1970 டிசம்பர் 31ஆம் திகதி லண்டனில் காலமானார். வயது 74. அதற்கு முந்திய ஆண்டில் பிரித்தானியாவில் பாலின்ட் சங்கம் தொடங்கியிருந்தது. 1972இல் அனைத்துலகச் சம்மேளனம் உருவானது. எந்த ஜேர்மனி அவருடைய மக்களை அழித்ததோ, அந்த ஜேர்மனியில் இன்று குடும்ப மருத்துவராகத் தேர்ச்சி பெறுபவர்கள் உடலையும் மனதையும் சேர்த்துப் பராமரிக்கும் அடிப்படைப் பயிற்சி பெறுகிறார்கள். பாலின்ட் குழுவில் இருப்பது அந்தப் பயிற்சியின் ஒரு பகுதி. ஜேர்மனியில் வாழும் எங்கள் உறவுகள் பலரைப் பார்க்கும் வைத்தியர்கள் அந்த வட்டத்தில் இருந்து எழுந்து வந்தவர்கள்.

எங்களுக்கு இதில் என்ன?

போரின் பாரம் எங்கள் சனத்திடம் உடம்பு நோவாகவே வெளிப்படுகிறது என்பதை யாழ்ப்பாணத்திலிருந்து உளமருத்துவர் தயா சோமசுந்தரம் ஆண்டுக்கணக்கில் எழுதிவந்திருக்கிறார். அந்த நோவைத்தான் நாங்கள் லண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் பாரிசுக்கும் சூரிச்சுக்கும் கொண்டுவந்தோம். பாலின்ட் சொன்ன முன்வைப்பு எங்கள் வீடுகளில் தினமும் நடக்கிறது. இடையில் மொழி என்ற மதில் வேறு.

அந்த மதிலில் பல வீடுகள் பிள்ளையை ஏணியாகச் சாத்துகின்றன. பன்னிரண்டு வயது மகளை மொழிபெயர்க்கக் கூட்டிக்கொண்டு போகும் தாய், மகளின் காதில் விழக்கூடாத எதையும் வைத்தியருக்குச் சொல்ல மாட்டாள். காணாமல் போன தம்பியைப் பற்றிச் சொல்ல மாட்டாள். வீட்டில் நடக்கும் குடியைப் பற்றிச் சொல்ல மாட்டாள். செத்துப்போகலாம் என்று வரும் நினைவைச் சொல்லவே மாட்டாள். நாரி நோ என்று மட்டும் சொல்வாள். மகள் அதை ஒழுங்காக மொழிபெயர்ப்பாள். புடாபெஸ்டில் நாற்காலியில் இருந்தவர் பகையாளி. இங்கே இருப்பது எங்கள் செல்லப் பிள்ளை. ஆனால் வாய் அடைபடுவது ஒரேமாதிரித்தான். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று நேரம் பதியும்போதே கேளுங்கள். பிரித்தானியாவில் அதற்குக் கட்டணம் இல்லை. மற்ற நாடுகளில் இருப்பவர்கள் உங்கள் கிளினிக்கில் விசாரியுங்கள். மொழிபெயர்ப்பாளர் ஊர்க்காரராக இருப்பாரோ, கதை வெளியே போகுமோ என்ற பயம் இருந்தால், வேறு ஒருவரை அல்லது தொலைபேசி வழி மொழிபெயர்ப்பைக் கேட்கலாம். அந்தப் பயம் நியாயமானது, அதைச் சொல்ல வெட்கப்படத் தேவையில்லை.

இரண்டாவது, வைத்தியரை அடிக்கடி மாற்றாதீர்கள். கிட்டிய நேரம் யாரிடம் கிடைக்கிறதோ அவரிடம் போவது வசதிதான். ஒவ்வொரு முறையும் புதிய முகத்திடம் போகிறவர், ஒவ்வொரு முறையும் வெறும் கணக்கில் தொடங்குகிறார். சளிக்கும் தடுமனுக்கும் யாரையும் பார்க்கலாம். நித்திரை இல்லாததற்கும், நெஞ்சு படபடப்புக்கும், மாதக்கணக்கில் மாறாத நோவுக்கும் ஒரே ஆளிடம் போங்கள். சற்றுத் தாமதமானாலும் அவருடைய பெயரைச் சொல்லி நேரம் கேளுங்கள்.

மூன்றாவது, அம்மாவோ அப்பாவோ நாலைந்து நிபுணர்களிடம் போய்வந்தும் மாறாமல் இருந்தால், எல்லாக் கடிதங்களையும் ஒரு கோப்பில் சேர்த்துக் குடும்ப வைத்தியரிடம் கொண்டு போங்கள். இவை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்ப்பது யார் என்று மரியாதையாகக் கேளுங்கள். கேட்கும் உரிமை எங்களுக்கு உண்டு. நோவு உண்மையானது, அதோடு மனதிலும் பாரம் இருக்கிறது என்று சொன்னால் பைத்தியம் என்று எழுதிவிடுவார்களோ என்று எங்கள் மூத்தவர்கள் பயப்படுகிறார்கள். உடம்பா மனமா என்று பிரித்துத் தீர்ப்புச் சொல்வது வைத்தியரின் வேலை என்று பாலின்ட் கருதவே இல்லை. நோயோடு வரும் மனிதரை முழுதாகப் பார்ப்பதுதான் அவர் கேட்டது.

எங்கள் பிள்ளைகள் பலர் இன்று வெள்ளை அங்கி போட்டு அந்த மேசைக்கு மறுபக்கம் இருக்கிறார்கள். பட்டமளிப்புப் படத்தைச் சுவரில் மாட்டிப் பெருமைப்படுகிறோம், படவேண்டியதுதான். அவர்களிடம் ஒருமுறை பாலின்ட்டைப் பற்றிக் கேளுங்கள். அவர்களிடம் வந்து நாரி நோ என்று சொல்லும் கிழவி எந்த நாட்டவளாகவும் இருக்கலாம். சிரியாவிலிருந்தோ சோமாலியாவிலிருந்தோ எங்கள் வன்னியிலிருந்தோ வந்திருக்கலாம். துண்டை எழுதி நீட்டுவதற்கு முன் வேறு ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று கேட்டு, பதில் வரும்வரை கொஞ்சம் பொறுத்திருக்கச் சொல்லுங்கள்.